அறுபத்துமூவருக்கு அடுத்த ஆள்

மச்சான்,

இன்று காலை நான் ஓட்டுகிற வானின் பின்பம்பரில் விழுந்திருந்த கீறலுக்குக் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். கீறல் என் பிழையால் விழுந்ததில்லை. எனக்கு ரிவேர்ஸ் பிழைத்த நாள் லண்டனில் இன்னும் விடியவில்லை. ஸ்பிரேயின் மணம் மூக்கில் ஏறியதும் பம்பர் மறந்து, உன் முகம் வந்து நின்றுவிட்டது. மற்றவர்களுக்குச் செத்துப்போனவர்களின் நினைவு சந்தனக்குச்சியிலும் பழைய சேலையிலும் வருமாம். எனக்கு நீ காருக்கு அடிக்கிற பெயின்றில் வருகிறாய்.

ஏன் என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. நீ போன பிறகு நடந்த சங்கதி இது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கும் சொல்ல முடியாதபடி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அது எப்படி என்று போகப்போக விளங்கும்.

மனோர் பார்க்கில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்த காலத்திலேயே என் கதைகளுக்கு நீ ஓர் அளவுகோல் வைத்துவிட்டாய். நான் எதைச் சொன்னாலும் தேத்தண்ணியை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு, "அரைவாசி" என்பாய். பொலிஸ்காரன் என்னை மறித்து வழி கேட்டான் என்றால், அரைவாசி. பஸ்காரன் எனக்காக பஸ்ஸை நிறுத்தி வைத்துக் காத்திருந்தான் என்றால், அரைவாசி. ஒருநாள் எனக்கு உண்மையாகவே காய்ச்சல். போர்வைக்குள் இருந்து முனகினேன். "அரைவாசிக் காய்ச்சலாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே கொத்தமல்லி அவித்துத் தந்தாய்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட மனமில்லாமல் அழுதது என்று சொல்வேன். அதற்கும் நீ அதையேதான் சொல்வாய்.

உன் வலது கையை இறைச்சி அடைக்கிற ஃபக்டரியின் மெசின் பிடித்த கதையை மட்டும் நான் ஒருவருக்கும் கூட்டிச் சொன்னதில்லை. விரல் ஒன்றும் போகவில்லை. ஆனால் நிமிரவும் இல்லை. எல்லாம் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிட்டன. அதன் பிறகு உன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நம்முடைய பிளேஸ்டோப் பிள்ளையார் கோயிலுக்குப் போனால், இடப்பக்கத்து முதல் தூணில் தோளைச் சாய்த்தபடி, மடங்கிய வலது கையை இடது கையால் பொத்தி, நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாய். அந்தக் கட்டடம் முன்பு கார்ப்பெட் கடையாக இருந்தது. அந்தத் தூணடியில் இருந்து பார்த்தால்தான் சாமி முழுசாகத் தெரியும்.

தீபம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடி உருகுவார்கள். நீ ஒருவன்தான் இரண்டு கண்ணையும் அகல விரித்தபடி நிற்பாய். ஆந்தை மாதிரி இருக்குது, கொஞ்சம் மூடு என்று ஒருநாள் சொன்னேன்.

"பாக்க வந்தனான். பிறகேன் மூடுவான்?" என்றாய்.

 

கை டொக்டரிடம் உன்னைக் கூட்டிக்கொண்டு போன ஒருநாள் நடு லண்டனில் பிடித்த மழை ஞாபகமா? காசு வாங்காமல் உள்ளே விடுகிற அந்தப் பெரிய மியூசியத்துக்குள் ஒதுங்கினோம். இந்த மியூசியத்தில் எனக்குத் தெரியாத மூலை இல்லை என்று சொல்லிக்கொண்டு முன்னே நடந்தேன். கக்கூசைத் தேடி வழி தவறி, ஈராக் பக்கத்துப் பழம் பொருள்கள் வைத்திருக்கிற அறைக்குள் உன்னைக் கொண்டுபோய் விட்டேன்.

அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் நின்றான். சாணளவை விடக் கொஞ்சம் உயரம். வெளிறிய கல். இடுப்பிலிருந்து பாவாடை மாதிரி விரிந்த உடுப்பு, அலையலையாகத் தாடி. முகத்தில் அரைவாசி கண்தான். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் கீழே, ஒன்றை மற்றது பொத்தியபடி பிடித்திருந்தான்.

நீ கிட்டப் போய் நெடுநேரம் பார்த்தாய். "இவனுக்கும் கை வழங்காது போலை" என்றாய்.

எனக்கு அந்த இடத்தில் சும்மா நிற்க முடியுமா? இது பத்தாயிரம் வருடத்துச் சாமி, நம்முடைய ஆள்களில் இருந்து போன சாதி, மூக்கைப் பார்த்தாலே தெரியவில்லையா என்று எடுத்துவிட்டேன். நீ வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாய். காவலுக்கு நின்ற பெண்ணிடம் போய் நான் இங்கிலீசில் கேட்டேன். அவள் என் இங்கிலீசைக் கேட்டு வியந்து நின்றுவிட்டுச் சொன்னாள்: ஐயாயிரத்துக்குக் கிட்ட வரும்.

நீ சிரித்த சிரிப்பில் அந்த அறையில் நின்ற ஜப்பான்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். இது சாமியே இல்லையாம். கும்பிட வந்தவனாம். அந்தக் காலத்து ஆள்கள் கோயிலிலேயே நின்றுகொண்டிருக்க முடியாதென்று, தங்களைப்போல ஒரு உருவம் செய்வித்துச் சாமிக்கு முன்னால் நிறுத்திவிட்டுத் தங்கள் வேலைக்குப் போவார்களாம். இவர்கள் போன பிறகும் அது கண் மூடாமல் நின்று இவர்களுக்காகக் கும்பிட்டுக்கொண்டே இருக்குமாம். நான் இதை உனக்குத் தமிழில் சொன்னபோது நடுவில் ஒரு ராசாவையும் இரண்டு யானையையும் சேர்த்தேன். நீ யானையைத் தள்ளிவிட்டு விசயத்தைப் பிடித்துக்கொண்டாய்.

"கோயிலிலையும் ஆளுக்குப் பதில் ஆள் நிக்கிற கவர் ஷிப்ட்" என்றாய். "நல்ல வசதிதான்."

இனித்தான் மைக்கர் வருகிறார். கோயில் தலைவருக்கு அந்தப் பட்டத்தை வைத்தவன் நீதான். மைக் கையில் இல்லாவிட்டால் அந்த மனிசனுக்குத் தேத்தண்ணிக்குச் சீனி கேட்கவும் வராது என்றாய். வருடத் திருவிழாவில் அவர் புதிதாக லைவ் தொடங்கியிருந்தார். கனடா, சுவிஸ், ஊர் என்று எல்லா இடமும் பார்க்கிறார்கள் என்று நிமிடத்துக்கொருமுறை அறிவித்தார். கமராவைத் தூணுக்கு நேரே பூட்டிவிட்டார்கள். தீபம் எழும்புகிற நேரம், கமராவின் நடுவில், கண்ணை முழித்துக்கொண்டு கையைப் பொத்திக்கொண்டு, நீ.

பூசை மணி அடித்துக்கொண்டிருக்கவே மைக் பேசியது. "தூணடியிலை கைகட்டிக்கொண்டு நிக்கிற ஐயா, இது கவுன்சில் ஒபிஸ் இல்லை. கும்பிடத் தெரியாட்டிப் பின்னாலை போய்ச் செருப்புத் தட்டடியிலை நில்லுங்கோ. உலகம் பாக்குது."

சனம் சிரித்தது. கொஞ்சப் பேர்தான், ஆனால் சிரித்தது. நான் பின்னால் பஞ்சாமிர்தம் கலக்கிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவதற்குள் நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாய். உண்மையாகவே போய்ச் செருப்புத் தட்டருகே நின்றாய். பூசை முடியும் வரைக்கும் நின்றாய். அங்கே இருந்து தெரிவது மற்றவர்களின் முதுகுதான். அதையும் கண்ணை மூடாமல் பார்த்தாய். அன்று பின்னேரம் டொரன்டோவில் இருந்து உன் தங்கச்சி ஃபோன் எடுத்து, அண்ணை உங்களுக்கு என்ன நடந்தது என்று அழுதாள்.

அந்தக் கோயிலுக்குள் நீ பிறகு வரவேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் வானில் என்னோடு வந்து வெளியே இருப்பாய். வா என்றால், கால் நோகுது என்பாய். கொஞ்ச மாதத்தில் வயிற்றில் கான்சர் என்ற அந்த வருத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நீ எலும்பாகக் கிடந்தபோது, மைக்கரைச் சும்மா விடமாட்டேன், அவரை உன் காலில் விழவைப்பேன் என்று சத்தியம் செய்தேன். நீ "அரைவாசி" என்று சொல்லவில்லை. மச்சான், எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சொன்னாய். "எனக்கு என்ரை தூணடியிலை ஒருக்கா நிக்கவேணும். அவ்வளவுதான்." பிறகு உனக்கே சிரிப்பு வந்தது. "ஏலாட்டி அந்த மியூசியக்காரனைக் கொண்டுவந்து விடு. அவனை அங்கையிருந்து கலைக்கமாட்டினம்."

உன்னைக் கொண்டுபோய் நிறுத்த எனக்குக் காலம் கிடைக்கவில்லை. கோயில் ஐயர் உன் செத்தவீட்டுக் கிரியைக்கு வந்தார். மைக்கரும் வந்தார். நல்ல மனிதர், அமைதியானவர் என்று உன்னைப் பற்றிப் பேசினார். உன் தலைமாட்டில் நின்று பேசினார். நான் அந்த மனிசனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலர் இதையெல்லாம் மறந்துவிடு, போனவன் போய்விட்டான் என்றார்கள். எனக்கு மறதி என்ற சாமான் கடவுள் தரவில்லை. மன்னிப்பும் அப்படித்தான், கடையில் வாங்கவும் நான் போகவில்லை.

கடைக்குப் போனேன், வேறு கடைக்கு. மியூசியத்தின் வாசலோடு இருக்கிற கடையில் அவனைப் போலவே ஒரு நகல் விற்றார்கள். பிளாஸ்டிக் மாதிரிப் பிசினில் வார்த்தது, அதே கண், அதே பொத்திய கை. அவனை வாங்கி வானில் பக்கத்துச் சீற்றில் இருத்தி, பெல்ட்டும் போட்டுக் கொண்டுவந்தேன். நீ இருந்த சீற்.

அந்த நேரம் மைக்கர் இந்தியாவில் இருந்து அறுபத்துமூவரை இறக்கிக்கொண்டிருந்தார். சைவக் கோயில் என்றால் நாயன்மார் அறுபத்துமூவரும் வரிசையாக நிற்கவேண்டும், அது இல்லாமல் லைவ் எடுபடவில்லை என்று. கருங்கல்லில் சாணளவுச் சிலைகள். அவர்களை வைப்பதற்குச் சுவரோடு ஒரு மேடை கட்டினார்கள். மேடை எங்கே முடிந்தது என்று கேள். இடப்பக்கத்து முதல் தூணடியில்.

கப்பலில் வந்த பெட்டிகளைத் துறைமுகத்தில் இருந்து ஏற்றி வருவது யார்? என்னை விட்டால் லண்டனில் யாருக்கு வான் ஓடத் தெரியும்? பெரிய லொறிக்காரர்கள் எல்லாம் இறங்கி நின்று கைதட்டும்படி ரிவேர்ஸ் எடுத்து ஏற்றினேன்.

அவனுக்கு முதலில் வீட்டுக் கராஜில் வேலை இருந்தது. அடியில் துளைத்துச் சீமெந்து அடைத்தேன், தூக்கினால் கல்லென்று தெரியவேண்டுமே. பிறகு இந்தக் கறுப்பு ஸ்பிரே. கண் இரண்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, மூன்று பூச்சு அடித்தேன். டேப்பை உரித்தபோது, மச்சான், கறுத்த முகத்தில் இரண்டு வெள்ளைக் கண் என்னைப் பார்த்தது. நான் கராஜில் கிடந்த வாங்கில் குந்திவிட்டேன். பெயின்ற் மணத்தால் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்.

பெட்டிகளை இறக்கி மேடையில் அடுக்கியதும் நான்தான். நாயன்மார் எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். கடைசியில், தூணோடு ஒட்டி, அவனை வைத்தேன். ஒருவரும் எண்ணவில்லை. அறுபத்துமூவர் என்றால் அறுபத்துமூன்று என்று சின்ன வயதில் இருந்தே தெரிந்த சனம் ஏன் எண்ணப்போகிறது?

ஐயர் மட்டும் சிலைகளின் திறப்புப் பூசைக்கு முதல் அந்த முனையில் கொஞ்சம் நின்றார். மற்றவர்களின் பீடத்தில் பெயர் வெட்டியிருக்கிறது, இவருக்கு இல்லையே என்றார். தலைவரைக் கேளுங்கோ ஐயா என்றேன். ஐயர் என்னைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், பிறகு தன் பாட்டில் பூவை வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த ஐயரைப் பிடிக்கும்.

திரை விலக்கினார்கள். லைவ் ஓடியது. மைக்கர் ஒவ்வொரு பீடமாகப் பெயரை வாசித்துக்கொண்டு வந்தார். கடைசிக்கு வந்ததும் மைக் நின்றது. முன்வரிசையில் இருந்து ஒரு அக்கா கேட்டா: "தலைவர், அந்தக் கடைசியா நிக்கிறவர் ஆர்? கண்ணை முழிச்சுக்கொண்டு நிக்கிறார்."

கனடாவும் சுவிஸும் பார்த்துக்கொண்டிருக்க, தனக்குத் தெரியாதென்று சொல்கிற ஆளா அவர்? மைக்கை வாயோடு ஒட்டினார். ஒரு இருமல். பிறகு சொன்னார், ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை: "இவர் பேர் வெளியிலை தெரியாத அடியார். இறைவனைக் கண்ட கண்ணை மூட மனமில்லாமல் நிண்டவர். பக்தியிலை கையெடுத்துக் கும்பிடவும் மறந்துபோனவர். நாங்களெல்லாம் இவரிட்டைப் படிக்கவேணும்."

சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கமரா சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, தூணடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

உன்னுடைய தூணடியில். உன் காலில்.

என் வயிற்றுக்குள் அப்போது ஊற்றிய குளிரை எழுத எனக்குப் படிப்புக் காணாது. நான் சனத்தோடு சனமாக நின்று "அரோகரா" என்று கத்தினேன். கோயிலே அதிர்ந்தது. இதில் அரைவாசியைக் குறைத்துக்கொள், ஆனால் முன்னால் நின்ற பிள்ளை ஒன்று காதைப் பொத்தியது உண்மை.

பிறகு பேர் பரவிவிட்டது. கண் முழித்த அடியார், கண் வருத்தத்துக்கு நல்லவராம். தெற்கு லண்டன் சட்டனில் இருந்தெல்லாம் வருகிறார்கள். மைக்கரின் மனுசிக்குக் கண்ணில் பூ விழுந்து சத்திரசிகிச்சை வைத்திருந்தார்கள். அவ உன்னிடம்தான் நேர்ந்தா. கண் வெளித்துப் பார்வை தெளிந்தது. மைக்கர் வெள்ளியில் கண்மலர் செய்வித்துக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் ஏந்தி, உன் காலடியில் வைத்தார். அந்த அம்மாவில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவவுக்கு நீ செய்ததைக் குறை சொல்லமாட்டேன். அந்த மனிசன் குனிந்து நின்றதை மட்டும் நான் ஆறுதலாக இருந்து பார்த்தேன்.

ஆனால் பழியில் கடைசிக் கரண்டி இன்னும் மிச்சமிருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், அதே மைக்கை வாங்கி, நீங்கள் விழுந்து கும்பிட்டது யாரைத் தெரியுமா, செருப்புத் தட்டடிக்குக் கலைத்தீர்களே, அவனைத்தான் என்று சொல்லுவதாகத் திட்டம். வானுக்குள் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினேன். லண்டன் தமிழர் வரலாற்றிலேயே அப்படி ஒரு பேச்சு இருந்திருக்காது.

என் முறை வந்து மைக்கைக் கையில் வாங்கினேன். சனம் பார்த்தது. மைக்கர் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார். வாயைத் திறந்தேன். தூணடியில் நீ நின்றாய்.

சொன்னால் அவர் முகம் செத்துப்போகும். நான் ஆயுள் முழுக்கக் காத்திருந்த முகம். ஆனால் சொன்ன அடுத்த நாளே அவனைத் தூக்கிவிடுவார்கள். பொம்மை என்பார்கள், பிசின் என்பார்கள், கறுப்புப் பைக்குள் கட்டுவார்கள். உன்னை இரண்டாம்தரமும் அந்த இடத்தால் கலைப்பார்கள். இந்தமுறை கலைத்தவன் நானாக இருப்பேன்.

மைக்கை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தேன். வேறு ஒன்றைச் சொன்னேன்.

"தலைவர் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் கடைசி அடியார் சாமியைப் பாக்கிறதுக்கெண்டே நிக்கிறார். அவருக்கு முன்னாலை ஆரும் நிண்டு மறைக்கக்கூடாது. கமராவையும் அங்காலை தள்ளிப் பூட்டவேணும்."

கைதட்டினார்கள். எதிர்ப்பில்லாமல் நிறைவேற்றினார்கள். கமராவைத் தள்ளச் சொல்லி முதலில் கையைத் தூக்கியவர் மைக்கர். இப்போது உனக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் ஒரு குருவியும் நிற்க முடியாது.

போன கிழமை வெள்ளிப் பூசை முடிந்து சனம் போன பிறகு, செருப்புத் தட்டருகே அவர் என்னைப் பிடித்தார். ஒரு காலில் சப்பாத்து, மற்றதில் இல்லை. மைக் இல்லாத அவருடைய குரல் இவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

"உம்மை ஒண்டு கேக்கவேணும். நீர்தானே ஏத்தி இறக்கினது. அந்தக் கடைசி அடியார் ஆர்?"

"நீங்கள்தானே அண்ணை சொன்னியள்."

"சொன்னனான்தான்." திரும்பித் தூண் பக்கம் பார்த்தார். "கை ஏன் அப்பிடி?"

"கை வழங்காது. கும்பிட ஏலாத ஆள்."

அவர் நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மற்றச் சப்பாத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கார் வரைக்கும் போனார், நனைந்த நிலத்தில், ஒரு காலில் வெறும் காலுறையோடு.

விளங்கியதா, இல்லையா? நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நேற்று வெள்ளிக்கிழமையும் வந்தார். பக்கத்தில் மனுசி நிற்கிறா, கண்மலர் மினுங்குகிறது, உலகம் பார்க்க மைக்கில் தானே சொன்ன சொல் இருக்கிறது. அவரால் கும்பிடாமல் போக முடியவில்லை. அவனை அங்கிருந்து தூக்கவும் முடியவில்லை. நெடுநேரம் கும்பிட்டார். எழும்பும்போது என்னைப் பார்க்காமல் எழும்பினார். இனி ஒவ்வொரு வெள்ளியும் அப்படித்தான். எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருக்கிறது. யாருக்காவது சொல்லவேண்டும். தேத்தண்ணிக் கடையில், கலியாண வீட்டில், பஸ் தரிப்பில் நின்று முன்பின் தெரியாதவனுக்காவது சொல்லவேண்டும். என் வாழ்க்கையில் ஒன்றும் கூட்டாமலே பெரிதாக இருக்கிற கதை இது ஒன்றுதான். இதைத்தான் வாயைக் கட்டிக்கொண்டு சுமக்கிறேன். உனக்குப் பதிலாக அவன் கண்ணை மூடாமல் நிற்கிறான். அவனுக்காக நான் வாயை மூடிக்கொண்டு திரிகிறேன்.

நீ இருந்தால் ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு, சொல்வதைச் சொல்வாய் என்று தெரியும். சரி மச்சான், லொறிக்காரரின் கைதட்டலை எடு. கோயில் அதிர்ந்ததை எடு. வேண்டுமானால் என் இங்கிலீசையும் எடு. அரைவாசி என்ன, முக்கால்வாசியைக் குறைத்துப் பார். அவர் உன் காலடியில் விழுந்து கிடந்தது அப்படியே மிஞ்சும்.